கொம்பு வைத்த கட்டில்

சேலத்தில் நான் சேர்ந்த கல்லூரியின் விடுதி அறையில் நாலு சுவர், ஒரு சன்னல், உத்தரத்தில் ஒரு பல்லி இருந்தன. விடுதியின் பங்கு அத்தோடு முடிந்தது. மற்றதையெல்லாம் மாணவனே கொண்டுவந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலம், அதிலும் யுத்த காலம். எதை வாங்கப் போனாலும் கடைக்காரன் முதலில் நம்மை மேலும் கீழும் பார்ப்பான்.

அறை இருவருக்கு. என்னுடன் தங்கவிருந்தவன் எனக்கு முந்தைய நாளே வந்து தன் பாதியை நிரப்பிவிட்டான். பேளுக்குறிச்சிப் பக்கத்துக்காரன். அடிவாரத்தில் கிணறும் தோட்டமும் மாடு கன்றுமாக இருக்கும் குடும்பம். தேக்குக் கட்டில், இழுப்பறை வைத்த மேசை, சாய்வு நாற்காலி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வண்டி போட்டு வந்து இறங்கியிருந்தன. சன்னலுக்கு நீலத் திரை வேறு. அந்தத் திரையும் சன்னலின் அவன் பக்கத்துப் பாதிக்கு மட்டும். மீதிப் பாதி வழியாக வெயில் நேராக என் தலைக்கு வந்தது.

என் பாதியையும் நான் விட்டுவிடவில்லை. தகரப் பெட்டியை நட்டுக்குத்தலாக நிறுத்தி மேலே பழைய பத்திரிகையை விரித்தால் மேசை. சுவருக்குச் சுவர் கயிறு கட்டினால் துணி அலமாரி. உரக்கடை நாட்காட்டியிலிருந்து கிழித்த மயில் படத்தைச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டினேன். தண்ணீருக்கு மலையிலிருந்து கொண்டுவந்த சுரைக்குடுக்கையைச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். கோரைப்பாயைத் தட்டி விரித்து உட்கார்ந்து பார்த்தபோது, ஜமீன்தார் வீடு மாதிரி இல்லாவிட்டாலும் மனுசன் குடியிருக்கும் இடம் மாதிரி இருந்தது. எனக்குப் பெருமைதான்.

அவன் குடுக்கையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, அதுக்குள்ளார மலைக்காய்ச்சல் கிய்ச்சல் இருக்குமுங்களா?" என்று கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே பயம். கொல்லிமலைத் தண்ணீரும் கொல்லிமலைக் காற்றும் ஆளை அடித்துப்போடும் என்று அடிவாரத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் சொல்லி வைத்திருப்பார்கள். மலைக்காரப் பையனோடு ஒரே அறை என்று தெரிந்ததும் அவனுடைய அம்மா அழுதாராம். அதையும் அவனே சொன்னான். என்னுடைய கோபம் மூக்கு நுனியில் இருந்த வயது அது. "இருக்குது, மூடி தெறந்தா வரும்" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வார்டன் ஒரு உத்தரவு போட்டார். மழைக்காலத்தில் யாரையோ தேள் கொட்டியிருக்கிறது. ஆகையால் இனி யாரும் தரையில் படுக்கக்கூடாது. ஒவ்வொரு மாணவனுக்கும் சொந்தமாகக் கட்டிலும் மேசையும் இருக்க வேண்டும். வருகிற வாரக் கடைசியில் அறை அறையாகப் பார்வையிடுவேன், இல்லாதவர்கள் பெட்டியைக் கட்டலாம் என்று சொல்லிவிட்டார். கடைத்தெருவில் கட்டில் வாடகைக்குக் கிடைத்தது. ஆனால் வருஷ வாடகையை முன்னாலேயே வை என்றான் கடைக்காரன். அது என்னால் முடிகிற காரியம் இல்லை. விடுதியை விட்டால் அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. மலைக்காரனுக்கு அறை விடுகிற வீடும் கிடையாது. மேற்கொண்டு படிப்பதா, ஊருக்குத் திரும்பிச் சாமை விதைப்பதா என்பது ஒரு கட்டிலில் வந்து நின்றது.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் பேளுக்குறிச்சி போய், சந்தை முடிந்து திரும்பும் எங்கள் நாட்டு ஆட்களோடு மலையேறினேன். எங்கள் ஊர் வாழவந்தி நாட்டில். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். வீட்டுக்குள் நுழைந்து, கால் கழுவின ஈரம் காய்வதற்குள் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு கட்டில் வேணுமுங்கப்பா."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்து கழுத்தைத் தொட்டாள். "சூடொண்ணும் இல்லியே சாமி" என்றாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் யாரும் கட்டிலில் படுப்பதில்லை. எங்கள் சாமிக்குப் பீடம் கிடையாது, வெறும் தரையில் நிற்கிறது. சாமியே தரையில் இருக்கும்போது நாம் உயரத்தில் படுப்பதா என்பது ஊர்க்கட்டு. ஆனாலும் ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு கட்டில் உண்டு. கோயிலுக்குப் பின்னால் மாட்டியிருக்கும். அதன் இரண்டு பக்கச் சட்டமும் முன்னும் பின்னும் முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கொம்பு என்போம். நடக்கமுடியாத சீக்காளியை அதில் படுக்கவைத்து, நாலு கொம்புக்கும் நாலு பேர் தோள் கொடுத்து, மலையிறக்கி வைத்தியரிடம் கொண்டுபோவார்கள். அந்தக் கட்டில் வழியில் எதிர்ப்பட்டால், எந்த அவசரத்தில் போகிறவனும் ஒரு வளைவு தூரமாவது தோள் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தன் வேலையைப் பார்க்கவேண்டும். ஆக, பெற்ற பிள்ளை வந்து கட்டில் வேண்டும் என்றால் தாய் வேறு என்ன நினைப்பாள்?

தேள், வார்டன், உத்தரவு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா தெளிந்தாள். அப்பா தெளியவில்லை. அவருக்கு ஒரு தம்பி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்னால் மலையிறங்கிக் கீழ்நாட்டுக்கு வேலைக்குப் போனவர், போன இடத்தில் காய்ச்சல் கண்டு, தூக்கிவர ஆளில்லாமல் ஏதோ ஒரு சத்திரத்தில் கிடந்து செத்துப்போனார். அப்பா அதைப் பற்றிப் பேசமாட்டார். மற்றவர்கள் பேசினாலும் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

மறுநாள் காலையில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லைக்கு வெளியே இருக்கும்போது பையன் கட்டிலில் படுக்கலாமா என்று சாமியிடம் பூ வைத்துக் கேட்டார். வலப்பக்கத்துப் பூ விழுந்தது. உத்தரவு ஆயிற்று. பூ விழுந்த கையோடு என் தாய்மாமனைக் கூப்பிட்டு அனுப்பினார். இருவருமாக மூங்கில் வெட்டினார்கள். மாமன் கற்றாழை நாரை முறுக்கிக் கயிறு திரித்தார். பொழுது சாய்வதற்குள் கட்டில் உருவாகிவிட்டது. நல்ல கட்டில், ஏறி மிதித்தாலும் அசையவில்லை. நாலு மூலையிலும் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"கொம்பு வேண்டாமுங்கப்பா. அங்கெல்லாம் மொட்டையாத்தான் இருக்கும்" என்றேன்.

"கொம்பு இல்லாட்டி எதப் புடிச்சுத் தூக்கறது?"

"ஆரையும் தூக்கவேண்டியதில்லீங்க. சும்மா படுக்கறதுக்குத்தான்."

"படுத்த எடத்துல ஒடம்புக்கு முடியாத போனா?" என்றார். கொஞ்ச நேரம் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். "இதா பாரு கண்ணு. கட்டில் போனாக் கொம்போடதான் போகோணும். கொம்பு ஆகாதுன்னா நீயும் போகவேண்டாம். இங்கயே இரு."

அப்பா ஒரு சொல் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. சேலம் போனதும் ஒரு ரம்பம் வாங்கிக் காதும் காதும் வைத்த மாதிரி அறுத்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அதற்குள், "நானும் உங்க மாமனும் கூட வாரோம். எங்க வெச்சுப் படுக்கறேன்னு பாத்துப்போட்டு வரோணும்" என்றார். என் கணக்கு அங்கேயே அழிந்தது.

விடியலில் கிளம்பினோம். முன்னால் மாமன், பின்னால் அப்பா, தோளில் வெறுங்கட்டில். அதன் பின்னால், எந்தச் சீக்கும் இல்லாமல், தகதகவென்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நான். எதிரே ஏறி வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

"ஏனுங்க, ஆருக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலீங்க. பையன் படிக்கறதுக்கு."

படிப்புக்கும் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, கட்டில் எதிர்ப்பட்டுவிட்டது, தோள் கொடுக்கவேண்டியது முறை. குண்டூர் நாட்டுக்காரர் ஒருவர் தலையில் இருந்த மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அப்பாவின் கொம்பை வாங்கிக்கொண்டார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கூடவே ஓடினார். அவர் விடவில்லை. கீழே கிடக்கும் யாரையோ தூக்கிவரத்தான் வெறுங்கட்டில் இறங்குகிறது என்று நினைத்துவிட்டார். "கீழ இருக்கறவங்க நல்லபடியா வந்து சேரட்டுமுங்க" என்று கும்பிட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிப்போனார். இப்படியே வளைவுக்கு ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பாவுக்கோ முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்துகொண்டே போனது.

அடிவாரத்தில் வேறு உலகம். அங்கே சீக்காளிக்கு மாட்டுவண்டி. மூங்கிலில் கொம்பு நீட்டிக் கட்டினால் அதற்கு ஒரே உபயோகம்தான். பஸ்காரன் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே கையை ஆட்டினான். "பாடையெல்லாம் ஏத்த முடியாது, தள்ளிப் போங்க!" என்று கத்தினான். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டார்.

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "எம்பையன் படுக்கறதப் போயிப் பாடைன்னு சொல்லிப்போட்டானே" என்று மாமனிடம் முனகினார். மலையில் அத்தனை பேர் கும்பிட்ட கட்டில் அது. எனக்கு அந்தப் பஸ்காரனை அடிக்கவேண்டும்போல இருந்தது. அதே சமயம், வார்டனும் இதையேதான் சொல்லப்போகிறார் என்று தோன்றியது.

கடைசியில் பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று கிடைத்தது. பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் கரியை எரித்து அந்த வாயுவில் ஓடுகிற லாரி, புகையும் தும்மலுமாக நின்றது. "பலாப்பழத்துக்குச் சகுனம் தெரியாதுங்க, ஏத்துங்க" என்றான் ஓட்டுகிறவன். பழங்களின் மேல் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு மூவரும் சேலம் வந்து சேர்ந்தோம். முள் குத்தாத இடம் எங்கள் உடம்பில் பாக்கியில்லை.

விடுதியில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. தாழ்வாரம் குறுகல். கொம்போடு கட்டிலைத் திருப்பி அறைக்குள் நுழைக்க முடியவில்லை. இப்படித் திருப்பினால் தூண் இடித்தது, அப்படித் திருப்பினால் நிலைப்படி இடித்தது. பையன்கள் கூடிவிட்டார்கள். "யாருடா போய்ட்டது?" என்றான் ஒருவன். இன்னொருவன் சங்கு ஊதுகிற மாதிரி வாயில் கையை வைத்துக் காட்டினான். சத்தம் கேட்டு வார்டன் வந்தார்.

"என்னப்பா இது?"

"கட்டிலுங்க ஐயா" என்றார் அப்பா, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

வார்டன் கெட்டவர் இல்லை. சிரிக்கவும் இல்லை. "நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஆனா பாருங்க, பசங்க பயப்படறாங்க. அறைக்குள்ளயும் போகாது. நீட்டிக்கிட்டிருக்கிறதை அறுத்துடுங்க, உள்ளே போடலாம். அறுக்காம இங்கே இடமில்லை" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அறுக்கமாட்டார். வார்டன் விடமாட்டார். என் படிப்பு தாழ்வாரத்தில் குறுக்கே கிடந்தது.

"ஒரு பேச்சுக் கேக்கறேனுங்க" என்றார் அப்பா. "இவனுக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னா இங்க ஆருங்க தூக்குவாங்க?"

"டாக்டர் இருக்காரு. ஆள் அனுப்பினா வருவாரு. பெரிய ஆஸ்பத்திரியே இருக்கு."

"டாக்டரு இருப்பாருங்க. ஆசுபத்திரியும் இருக்குமுங்க. இங்கிருந்து அங்க தூக்கிட்டுப் போறது ஆருங்க?"

வார்டன் ஒரு கொம்பைத் தொட்டுப் பார்த்தார். தாழ்வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா கேட்டது யாரைப் பற்றி என்று எனக்கும் மாமனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என் அறைக்காரன் வந்தான். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவன், கட்டிலைப் பார்த்து நின்றான். இவனும் ஏதாவது சொல்லட்டும், பல்லைப் பெயர்த்துவிடுகிறேன் என்று நான் தயாராக இருந்தேன்.

"இது பாடை இல்லீங்க சார்" என்றான். "மலைக்காரங்க சீக்காளியத் தூக்கிட்டு வர்றதுங்க. எங்க கெணத்து மேட்டுலதான் எறக்கிவெச்சுத் தண்ணி குடிப்பாங்க. எங்கம்மாதான் மோந்து ஊத்தும்." பிறகு அப்பாவைப் பார்த்தான். "நான் தூக்கறேனுங்க."

அப்பா அவனை உச்சி முதல் கால் வரை பார்த்தார்.

"மலைக்காய்ச்சலா இருந்தா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் சண்டை போட்டதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. அடிவாரத்துக்காரர்களின் பயம் அவருக்குத் தெரியாதா என்ன! அவன் முகம் சிவந்துவிட்டது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"என்ன காய்ச்சலா இருந்தா என்னுங்க? ஒரே ரூமுல இருக்கறோம். நான் தூக்காட்டி வேற ஆரு தூக்குவாங்க?"

"அப்பத் தூக்கு கண்ணு, பாக்கலாம்" என்றார் அப்பா.

விளையாட்டில்லை. என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். படுத்தேன். அவன் முன் கொம்பு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, "வாங்கடா" என்று மற்றவர்களை அதட்டினான். சங்கு ஊதினவன் உட்பட மூன்று பேர் வந்தார்கள். அப்பாவும் மாமனும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். கட்டில் மேலெழும்பியது. உயிரோடிருக்கையிலேயே நாலு பேர் தோளில் போகும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது. கூரை ஓடுகளும் தூண்களின் உச்சியும் தலைக்கு மேலே நகர்ந்தன. கூடவே அப்பா நடந்து வந்து, "தலமாட்டத் தாழ உடாதீங்க சாமி, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தாழ்வாரத்தின் கோடிவரை போய்த் திரும்பி வந்தார்கள். வார்டன் ஒதுங்கி வழி விட்டார்.

"போதுஞ் சாமி, எறக்குங்க" என்றார் அப்பா. என் அறைக்காரனின் தோளில் மூங்கில் பதிந்து சிவந்திருந்த இடத்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். பிறகு வார்டனிடம் திரும்பி, "இங்க ரம்பம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"அறுத்துடலாமா?"

"அறுத்துப்போடலாமுங்க. ஆளிருக்குது, இனிக் கொம்பு எதுக்கு?"

அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ கட்டவிழ்ந்த மாதிரி இருந்தது. பெருமூச்சு என்று சொன்னால் போதாது. கட்டிலில் உட்கார்ந்தபடியே சிரித்தேன், சிரிப்போடு கண்ணும் கலங்கியது. சமையல்கட்டிலிருந்து ரம்பம் வந்தது. நாலு கொம்பையும் அப்பா தம் கையாலேயே அறுத்தார். கட்டில் அறைக்குள் போய் என் பாதியில், மயில் படத்துக்குக் கீழே, அளந்து செய்த மாதிரி உட்கார்ந்தது.

"மேசை?" என்றார் வார்டன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

மாமன் தரையில் கிடந்த நாலு கொம்புத் துண்டுகளையும் பார்த்தார், வார்டனையும் பார்த்தார். "ஒரு பலகை மட்டும் குடுங்க" என்றார். சமையல்காரர் விறகுக் குவியலிலிருந்து ஒரு பழைய கதவுப் பலகையை இழுத்துப்போட்டார். மூங்கில் காலும் கதவுப் பலகையுமாக, படிப்பு முடியும்வரை நான் எழுதியதெல்லாம் அந்த மேசையில்தான். கொஞ்சம் ஆடும். அறைக்காரன் தன் நீலத் திரையைச் சன்னல் முழுக்க இழுத்துவிட்டான்.

சாப்பாடு ஆனதும் அப்பா, "செத்த நேரம் சாயறேன்" என்றார். கட்டிலில் படுங்கள் என்று நாங்கள் இருவரும் கெஞ்சினோம். கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் என் பாயை விரித்துப் படுத்தார். படுத்த மாத்திரத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனார். குறட்டை தாழ்வாரம் வரை கேட்டது. கல்லூரி மணி அடித்தது, பையன்கள் தடதடவென்று ஓடினார்கள், மாமன் பலகையில் ஆணி அடித்தார். அப்பா அசையவில்லை.

அடிவாரத்துக்குத் திரும்பும் சாயங்கால லாரிக்கு நேரமாகிவிட்டதே என்று நான் எழுப்பப் போனேன். மாமன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"எழுப்பாத கண்ணு. உன்னப் படிக்கக் கீழ அனுப்பின நாள்ல இருந்து இந்த மனுசன் இப்படிக் கண்ணசந்து நான் பாத்ததில்ல. தூங்கட்டும். லாரி நாளைக்கும் வரும்."

நானும் என் அறைக்காரனும் சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தோம்.